வைஸுக்கு அடியில் இல்லாத சுருள்

எழுத்து கோணலாக இருக்கிறது, மச்சான். பொறுத்துக்கொள். ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. 'ழ' போட்டால் அது கோட்டுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் முனியம்மா எட்டிப் பார்த்து, "இன்னா பெரியவரே, ஒங்க எழுத்தெல்லாம் தண்ணி போட்டவன் கணக்கா ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிகினு போவுது?" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். நானே ஒரு வரி எழுதுகிறேன். அதை நானே திரும்பப் படிக்கிறேன். படித்தால் நான் நினைத்ததே அங்கே இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மேலே முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். மறதியால் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுத உட்காரும் முன் மேசையை உள்ளங்கையால் துடைத்தேன். உனக்குத் தெரியும், எதை வைப்பதற்கு முன்னும் நான் துடைப்பேன். பிறகு காகிதம் பறக்காமல் இருக்க அதன் மேல் உன் பித்தளைச் சுத்தியை வைத்தேன். உன் கருமாதி அன்று உன் மனைவி அஞ்சலை அதை ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தாள். சுத்தியைத் தொட்ட கையில் பித்தளை வாசனை ஒட்டிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனால் பழைய பட்டறை முழுவதும் வந்துவிடுகிறது: இரும்பை வெட்டும் கட்டர் மேல் ஊற்றும் பால் நிற எண்ணெய்த் தண்ணீர், சூடான இரும்பு, உன் சட்டையின் வியர்வை. அந்த வாசனைதான் என்னை எழுத வைத்தது. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ இருந்தபோது கேட்டிருக்க முடியாது. அப்போது எனக்கு அது தெரியாது.

வகுப்பு மந்தாரக்குப்பத்தில், என் வாடகை வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் பால்வாடியில் நடக்கிறது. குழந்தைகள் போன பிறகு சாயங்காலம் நாங்கள் போய் அவர்களுடைய குட்டி நாற்காலிகளைத் தள்ளிவிட்டு உட்காருவோம். போன வாரம் டீச்சரம்மா, யாருக்காவது ஒரு மடல் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். முனியம்மா திருப்பூரில் இருக்கும் மகளுக்கு என்றாள். நான், "செத்தவங்களுக்கு எழுதலாமாம்மா?" என்று கேட்டேன். "எழுதுங்க தாத்தா. அவங்கதான் தப்பு கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றார். உன்னை அவருக்குத் தெரியாது. நீ எல்லாவற்றிலும் தப்பு கண்டுபிடிப்பாய்.

நாம் பட்டறைக்குள் போன புதிதில் நம் இருவருக்கும் துடைப்பம்தான் கொடுத்தார்கள். நீ திருவதிகைக்காரன், நான் காடாம்புலியூர். ஒரே காண்ட்ராக்டர் கூட்டிவந்த ஆட்கள். நிலக்கரிச் சுரங்கத்து மெஷின்களுக்கு வேண்டிய உதிரிகளைச் செய்து அனுப்பும் பட்டறை அது. மெஷின்கள் சீவித்தள்ளிக் குவியும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவது நம் வேலை. மில்லிங் மெஷினில் நின்றவர் ஊரோடு போய்விட்டபோது, ஆள் வரும்வரை நின்று பாருங்கள் என்று நம்மை நிறுத்தினார்கள். ஆள் வரவே இல்லை. நாம் நின்றுவிட்டோம். நீ பள்ளிக்கூடம் போனவன். டிராயிங்கைப் படித்துச் சொல்வாய். நான் செய்வேன். யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கெடுத்து, சேர்ந்து திட்டு வாங்கி, சேர்ந்து கற்றோம்.

நீளமான இரும்புச் சட்டங்கள் வரும்போதுதான் நமக்கு உற்சாகம். கடித்துப் பிடிக்க ஒரு வைஸ் போதாது. மெஷின் டேபிளின் மேல் மூன்று வைஸ்களை வரிசையாக வைத்து, மூன்றும் சேர்ந்து ஒரே சட்டத்தைப் பிடிக்க வேண்டும். வைஸுக்கு இரண்டு தாடை. ஒன்று திருகினால் நகரும், ஒன்று அசையாது. மூன்று வைஸ்களின் அசையாத தாடைகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அந்தக் கோடு டேபிள் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். முதல் வைஸை வைத்து, அதன் தாடையில் கோணல் காட்டும் டயலின் முனையைத் தொடவிட்டு, டேபிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டுவாய். தாடை கோணலாக இருந்தால் டயலின் முள் நகரும். பித்தளைச் சுத்தியால் வைஸின் ஓரத்தில் ஒரு தட்டு. மறுபடி ஓட்டம். மறுபடி ஒரு தட்டு. முள் செத்ததுபோல் அசையாமல் நின்றால் முதல் வைஸ் சேர்ந்துவிட்டது. போல்ட்டை இறுக்குவாய்.

அதற்குப் பிறகு என் வேலை. முதல் வைஸில் ஒரு நீளப் பட்டையைக் கடிக்கவைத்து, அது மற்ற இரண்டின் மேலும் நீண்டு நிற்கும்படி விட்டு, அந்தப் பட்டையில் போய் ஒட்டும்படி இரண்டாவதையும் மூன்றாவதையும் நகர்த்துவேன். பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் மெல்லிய தாள் துண்டு வைத்து இழுத்துப் பார்ப்பேன். தாள் வராவிட்டால் சரி. என் இரண்டு வைஸ்களும் உன் ஒரு வைஸைப் பார்த்துத்தான் நின்றன. வேறு எதையும் பார்க்கவில்லை.

நமக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதிவைக்கவில்லை, பேசிக்கூட வைக்கவில்லை. நீ இறுக்கிய வைஸில் நான் டயல் வைக்க மாட்டேன். நான் சேர்த்ததில் நீ தாளை இழுத்துப் பார்க்க மாட்டாய். ஒருமுறை புதிதாக வந்த ஒருவன் உன் வைஸில் டயலைக் கொண்டுபோனபோது நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"எடுடா கைய. அவன் சேந்துடுச்சுன்னா சேந்துடுச்சு."

"பாத்தா இன்னாண்ணே தப்பு?"

"ஒன் பொண்டாட்டி ஆக்கின சோத்த மோந்து பாத்துட்டா துன்னுவ?"

நீ அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு எத்தனை பெருமையாக இருந்தது, தெரியுமா?

பட்டறையில் ஒரே ஒரு பெர்மனென்ட் இடம் வந்தது. மில்லிங் மெஷினுக்கு. இருவரும் ட்ரேட் டெஸ்டுக்குப் போகலாம் என்றார்கள். எனக்குப் பயமே இல்லை. உனக்குக் கிடைத்தாலும் எனக்குக் கிடைத்தாலும் ஒன்று என்றுதான் நினைத்தேன். வீட்டில் என் மனைவியிடம் அப்படியே சொன்னேன். அவள், "ஒங்களுக்கு அப்டி. அவுருக்கு அப்டியா?" என்று கேட்டாள். நான் கோபித்துக்கொண்டு அன்று அவள் போட்ட காபியைக் குடிக்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் காபியை நான் குடித்திருக்க வேண்டும்.

டெஸ்டுக்கு வந்த அதிகாரி ஒல்லியான மனிதர். மூன்று வைஸ்களைச் சேர்த்து, நீளச் சட்டத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நட்டநடுவில் பள்ளமாக ஒரு காடி ஓட்ட வேண்டும் என்றார். வைஸ் கனம் என்பதால் ஒருவருக்கு ஒருவர் உதவலாம் என்றார். முதலில் உன் முறை. நீ முதல் வைஸைச் சேர்த்தாய். நான் மற்ற இரண்டையும். உன் காடி நன்றாக வந்தது. அதிகாரி அளந்து பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். என் முறை.

கழற்றினோம். நான் டேபிளைத் துடைத்தேன். வைஸ்களைத் தூக்கி வைத்தோம். நீ வழக்கம்போல முதல் வைஸுக்குப் போனாய். நான் வழக்கம்போல நீளப் பட்டையை எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ கடைசிப் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாய். டயல் பெட்டிக்குள் போயிருந்தது.

"சேந்துடுச்சு மச்சான்" என்றாய்.

என் இரண்டையும் உன்னதோடு சேர்த்தேன். தாள் எதுவும் வரவில்லை. சட்டம் மூன்று வைஸ்களிலும் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. காடி ஓட்டினேன். சத்தமே சுத்தமாக இருந்தது. நல்ல காடிக்கு ஒரு சத்தம் உண்டு. அந்தச் சத்தம்தான் வந்தது. அதிகாரி சட்டத்தைத் திருப்பி இந்தக் கோடியில் அளந்தார். அந்தக் கோடியில் அளந்தார். மறுபடி இந்தக் கோடியில்.

"என்னய்யா இது? இந்தப் பக்கம் ஒரு அளவு இருக்கு, அந்தப் பக்கம் ஒரு அளவு இருக்கு. நடுவுல ஓட்டச் சொன்னா ஓரத்துக்கு ஓடிடுச்சே!"

நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனாய். வேப்பமரத்தடியில் குழாயைத் திறந்துவிட்டு என் முகத்தைக் கழுவச் சொன்னாய். அப்போதுதான் அதைச் சொன்னாய்.

"அடியில ஒரு சுருளு மாட்டிகினு இருந்திருக்கும், மச்சான். நீதான தொடச்ச? அவசரத்துல வுட்டிருப்ப. வுடு. மனசுல வச்சிக்காத."

நான் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ பெர்மனென்ட் ஆனாய். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். நான் காண்ட்ராக்டிலேயே இருந்தேன். பட்டறையில் எனக்குச் 'சுருளு' என்று பெயர் வைத்தார்கள். "இன்னா சுருளு, டீ குடிக்கிற கிளாஸயும் தொடச்சிட்டுத்தான் குடிப்பியா?" என்பார்கள். குடிப்பேன். சாப்பிடும் இலையைத் துடைப்பேன். சைக்கிள் சீட்டைத் துடைப்பேன். பஸ்ஸில் உட்காரும் இடத்தைத் துடைப்பேன். என்னைத் தனி மெஷினில் போட்ட பிறகு முதல் வைஸையும் நானே சேர்த்தேன். எத்தனை சட்டம் ஓட்டினேன் என்று தெரியாது. ஒன்றுகூடக் கோணலாகப் போனதில்லை. துடைப்பதால்தான் என்று நினைத்தேன். நீயும் சிரித்துக்கொண்டே என்னைச் சுருளு என்று கூப்பிட்டாய். அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

நீ எனக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். எனக்கு வந்த எல்லாக் காகிதத்தையும் நீதான் படித்துச் சொன்னாய். என் மகளின் கல்யாணப் பத்திரிகையை நீ எழுதி, அச்சானதும் என் வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் படித்தாய். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை படித்தாய். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு போட்டுவிட்டு என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். பலாப் பருவத்தில் நான் ஊரிலிருந்து உன் குவார்ட்டர்ஸுக்குப் பழம் கொண்டுவருவேன். நீயே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுப்பாய். நல்ல சுளையாகப் பார்த்து என் தட்டில் வைப்பாய். "நீ துன்னுடா" என்பேன். "நீ துன்னு மொதல்ல" என்பாய். நான் தின்று முடிக்கும்வரை நீ ஒரு சுளைகூட எடுக்க மாட்டாய். எவ்வளவு நல்ல மனசு என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பேன்.

நீ ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, திருவதிகையில் வீடு கட்டிப் போனாய். பஸ் பிடித்து உன்னைப் பார்க்க வருவேன். எழுத்து வகுப்பில் சேர்ந்ததைச் சொன்ன அன்று நீ கட்டிலில் படுத்திருந்தாய். உடம்பு அப்போதே பாதியாகிவிட்டது.

"இத்தினி வயசுல எதுக்குடா ஒனக்கு அதெல்லாம்? நான் இருக்கேன்ல, படிச்சி சொல்றதுக்கு?"

"நீ இல்லாகாட்டி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ சிரித்தாய்.

அடுத்த முறை வந்தபோது ஒரு பலகையும் சாக்குக்கட்டியும் கொண்டுவந்தேன். வகுப்பில் முதலில் அவரவர் பெயரைத்தான் எழுதச் சொல்லித்தந்தார்கள். இரண்டாவதாக யார் பெயர் வேண்டும் என்று கேட்டபோது நான் உன் பெயரைச் சொன்னேன். டீச்சரம்மா எழுதிக்கொடுக்க, அதன் மேலேயே எழுதி எழுதிப் பழகினேன். உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பலகையைத் துடைத்து, உன் பெயரை எழுதி உன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். நீ பார்த்தாய். நெடுநேரம் பார்த்தாய். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. அஞ்சலை அடுப்படியிலிருந்து ஓடிவந்து பலகையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். என் மச்சான் எனக்காகச் சந்தோஷப்பட்டு அழுகிறான் என்று நான் நினைத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட அதைச் சொன்னேன்.

உன் கருமாதியில் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அஞ்சலை என்னை நிறுத்தினாள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுத்தியைக் கொடுத்தாள்.

"இத ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாருண்ணே. குடுக்கும்போது ஒண்ணு சொல்லவும் சொன்னாரு. நான் சொல்ல மாட்டேன்னு சண்ட போட்டேன்."

"சொல்லு தங்கச்சி."

"அந்த டெஸ்டு அன்னிக்கு... அடியில சுருளெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. அவுருதான் வைஸ இந்தச் சுத்தியால ஒரு தட்டு தட்டி, கோணலாவே இறுக்கிட்டாராம்."

என் வாயில் முதலில் வந்த கேள்வி எனக்கே வேடிக்கையாக இருந்தது.

"ஒனக்கு எப்பலேந்து தெரியும்?"

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "குவார்ட்டர்ஸுக்கு வந்த வருசமே சொல்லிட்டாருண்ணே."

அப்படியென்றால் பலாப்பழம் அறுத்த நாளெல்லாம் அவளுக்குத் தெரியும். உன் மகன் கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து வெற்றிலைத்தட்டு நீட்டினாளே, அப்போதும் தெரியும். நான் பலகையில் உன் பெயரைத் தூக்கிக் காட்டியபோதும் தெரியும்.

"ஏன்னு சொன்னானா?"

"'அவனுக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது அஞ்சல, பாஸ் பண்ணாலும் எடுத்திருக்க மாட்டாங்க, ரெண்டு பேரும் வெளிய நிக்கறதுக்கு ஒருத்தனாவது உள்ள போவட்டும்'னு சொல்லுவாரு. நானும் நம்பினேண்ணே. ஒங்கள பாக்கும்போதெல்லாம் அத நெனச்சித்தான் மனச தேத்திப்பேன்."

சுத்தியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சீட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் துடைத்தது தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கடைப்பலகைகள் ஓடின. அந்த நிலையிலும் கண் அவற்றைப் படித்துக்கொண்டே வந்தது. முந்திரி மொத்த வியாபாரம். சைக்கிள் பழுது பார்க்கப்படும். பால் கிடைக்கும். மனசு எரிகிறது, கண் சந்தோஷமாகப் படிக்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்குள் நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை, கடைசியாக நான் வேலை பார்த்த சேகர் பட்டறைக்குப் போனேன். அவன் நம் பட்டறையில் இருந்தவனில்லை. என் பட்டப்பெயர் மட்டும் அவனிடம் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. மில்லிங் டேபிளில் ஒரு வைஸ் ஏறியிருந்தது. கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டயல் வைத்து ஓட்டினேன். முள் நின்றது. வைஸைத் தளர்த்தி, தரையில் கிடந்த ஒரு சுருளை எடுத்து, நானே என் கையால் அதன் ஒரு கோடிக்கு அடியில் வைத்தேன். அப்படி வைத்தபோது எனக்கு உடம்பு கூசியது. பிறகு உன் சுத்தியால் தட்டித் தட்டித் தாடையை நேராக்கி, இறுக்கினேன்.

"இன்னா சுருளு மாமா, வேலய வுட்டும் சுருள வுட மாட்டியா? யாராவது வேணும்னு அடியில வப்பாங்களா?"

"வச்சா இன்னா ஆவும்னு பாக்கறேன்."

"இதப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணுமா? அடியில இருந்தா வைஸத் தூக்கும். காடி ஒரு பக்கம் ஆழமா போவும், ஒரு பக்கம் மேல நிக்கும். திரும்பவா செய்யும்? இத்தினி வருசம் மெஷின்ல நின்ன மனுசன் கேக்கற கேள்வியா இது?"

டயலைத் தாடையின் பக்கவாட்டில் வைத்து ஓட்டினேன். முள் நின்ற இடத்திலேயே நின்றது. தாடையின் மேல்விளிம்பில் வைத்து ஓட்டினேன். முள் ஓடியது.

சேகர் சொன்னது சரி. சுருள் இருந்திருந்தால் என் காடி ஆழத்தில் கெட்டிருக்கும். என் காடி ஆழத்தில் கெடவில்லை. ஓரத்துக்கு ஓடியது. வைஸைப் பக்கவாட்டில் யாராவது தட்டினால் மட்டுமே அப்படி ஓடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? வேறு யாராவது வந்து கேட்டிருந்தால், டீ குடித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். உன் வாயிலிருந்து வந்ததால் அதை நான் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. நீ இறுக்கிய வைஸில் டயல் வைக்காதவன், நீ சொன்ன சொல்லிலும் வைக்கவில்லை.

அதோடு போகவில்லை, மச்சான். நம் பட்டறையில் மில்லிங் மெஷினில் நின்றவன் ஒவ்வொருவனுக்கும் இது தெரிந்திருக்கும். சுருளு சுருளு என்று கூப்பிட்டவர்களில் சிலராவது மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள். அவர்கள் சிரித்தது நான் துடைக்காமல் விட்டதற்கா, துடைத்துக்கொண்டே இருந்ததற்கா? அவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. மீதிப் பேரைக் கடைத்தெருவில் பார்த்தால் நான் எந்த முகத்தோடு பேசுவது?

இப்போது என் வீட்டில் உட்கார்ந்து, நீ செய்த ஒவ்வொன்றிலும் டயல் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எனக்காகவா, அந்தத் தட்டுக்காகவா? பத்திரிகையில் என் பெயரை இரண்டு முறை படித்தது? நல்ல சுளையாகப் பார்த்து என் தட்டில் வைத்தது? முள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பக்கம் ஓடுகிறது. வேலையைக் கெடுத்தது பெரிதில்லை. அதை அன்றே சொல்லியிருந்தால் உன்னை நாலு அறை அறைந்திருப்பேன், நாலு நாளில் பேசியிருப்பேன். நம் நாட்களில் எது நேராக நின்றது, எது கோணல் என்று எனக்குத் தெரியாமல் செய்துவிட்டாயே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

உன்னிடம் கேட்க வேண்டியது இதுதான். எழுத்து தெரியாதவனை எப்படியும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று சொன்னாயாம். அதை நீ உண்மையாக நம்பியிருந்தால், வைஸை ஏன் தட்டினாய்? நேராகவே விட்டிருக்கலாமே. என் காடி நடுவில் ஓடியிருக்கும். அதிகாரி தலையை ஆட்டியிருப்பார். காகிதத்தை நீட்டும்போது நான் கட்டைவிரலை நீட்டியிருப்பேன். அவர்களே என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். உனக்கு ஒரு பாவமும் இல்லை. நீ தட்டினாய் என்றால், என்னை எடுத்துவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். எழுத்து தெரியாவிட்டாலும் எடுத்துவிடுவார்கள். என் காடி உன் காடியைவிடச் சுத்தமாக வரும் என்றும் உனக்குத் தெரியும். அஞ்சலையிடம் சொன்ன காரணம் பிறகு வந்தது. பலகையில் உன் பெயரைப் பார்த்தபோது அந்தக் காரணமும் உன் கையைவிட்டுப் போய்விட்டது. அதற்குத்தான் அழுதாய். சரிதானா?

பதில் வராது என்று தெரியும். ஆனால் கேட்டுவிட்டேன். இதை வேறு யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. இத்தனை வருஷம் எனக்கு வேண்டிய எல்லா எழுத்தும் உன் கை வழியாகத்தான் வந்தது. இந்தக் கேள்வியை உன்னிடமே கொடுத்து எழுதச் சொல்லியிருக்க முடியுமா? இதற்காகவாவது நான் படித்தது நல்லதாகப் போயிற்று. கோபமாக எழுதும்போதுகூட 'ழ' நன்றாக வந்துவிட்டால் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்க்கிறேன். மேலே ஒன்று வந்திருக்கிறது, பார். பலாப்பழத்தில் இருக்கிற 'ழ'.

சுத்தியை உன் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம் என்று நினைத்தேன். மனசு வரவில்லை. உன் கை பட்டுத் தேய்ந்த பிடியில் என் கையும் சரியாக உட்காருகிறது. நாம் இருவரும் பிடித்த சுத்திதான். துடைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். இல்லாத சுருளைத் தேடி இத்தனை வருஷம் துடைத்த கை; இனி எதற்கு என்று ஒருநாள் வகுப்பில் துடைக்காமல் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி ஓடவில்லை. எழுந்து, துடைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தேன். முனியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அடியில இன்னாதான் பெரியவரே இருக்கு?" என்றாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். முதல்முறையாக அது உண்மை என்று தெரிந்து சொன்னேன்.

காலியாக விட்ட வரியைச் சொல்லவில்லையே. மடலின் முதல் வரியில் யாருக்கு எழுதுகிறோமோ அவர் பெயர் வர வேண்டும் என்றார் டீச்சரம்மா. அதை நேராக எழுதினால்தான் அதைப் பார்த்து மற்ற வரிகளையும் நேராக எழுதலாமாம். உன் பெயரை எழுத எனக்குத் தெரியும். என் பெயருக்கு அடுத்து எனக்கு நன்றாக வரும் பெயர் அதுதான். பேனாவை அந்த வரியில் வைத்து வைத்து எடுத்துவிட்டேன். கை போகவில்லை. அதனால்தான் மற்ற வரிகள் இப்படிக் கோணலாகப் போகின்றனவோ என்னவோ.

வரும் வாரமும் வகுப்பு உண்டு. மேசையைத் துடைத்துவிட்டு, சுத்தியைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு, மறுபடி உட்காருவேன். மறுபடி உனக்குத்தான் எழுதுவேன். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? அன்றைக்கு இந்த முதல் வரியில் பேனாவை வைத்துப் பார்க்கிறேன், மச்சான். கை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்போம்.